வட்டம் விழாத மேசை

முன்னொரு காலத்தில், அரசரைத் தவிர வேறு யாரும் உட்காராத சபை ஒன்று இருந்தது. பிரதானி, தளவாய், வைத்தியர் என்று பன்னிரண்டு அதிகாரிகள் காலையில் வந்து நிற்பார்கள். உச்சிவேளை மணி அடிக்கும்வரை நிற்பார்கள். அந்த நாட்டில் போர் வெற்றிகளைவிடக் கால்வீக்கம் அதிகம். அரண்மனை வைத்தியர் அமுதகடிகையார் காலையில் மற்றவர்களுக்குத் தைலம் கொடுப்பார், மாலையில் அதே தைலத்தைத் தமக்குத் தேய்த்துக்கொள்வார்.

இந்தச் சபையில் உட்கார்ந்தே இருந்த ஒருவன் உண்டு. அவன் பெயர் தோணியப்பன், வேலை விகடம் சொல்வது. அவனுக்கு வலது முழங்கால் சரியில்லை. ஒரு நாள் பிரதானியார் வரிச்சலுகை ஓலையைக் கம்பீரமாக வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த முழங்கால் மடங்கி, அவன் பிரதானியார் மேலேயே போய் விழுந்தான். அரசர் குமுதவர்மர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்த சந்தோஷத்தில் அவன் உட்காரலாம் என்று அனுமதி கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. அரண்மனைத் தச்சர் செய்த ஆசனத்தில் உட்காரக் கூடாது, தன் கையால் தானே செய்ததில்தான் உட்கார வேண்டும். இவனால் ஆகாது என்றுதான் அரசர் நினைத்தார்.

தோணியப்பனுக்கும் அதே எண்ணம்தான். இருந்தாலும் ஒரு முக்காலி செய்துவிட்டான். அதற்கு மூன்று கால்கள் இருந்தன. அதற்கு மேல் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றும் மூன்று நீளம். உட்கார்ந்தால் சபை லேசாகச் சாய்ந்து தெரியும். நம் ராஜ்யம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அதையே ஒரு விகடமாகச் சொல்லிக்கொண்டான்.

மரத்தை அறுப்பதில் பட்ட அடி போதாதென்று பூச்சு வேலையிலும் இறங்கினான். முதலில் அரக்கு பூசினான். அது காய்வதற்குள் சபைக்குத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். அரசர் எழுந்தபோது மரியாதைக்கு அவனும் எழுந்தான், முக்காலியும் கூடவே எழுந்தது. அரக்கைச் சுரண்டிவிட்டு விளக்கெண்ணெய் தேய்த்தான். விளக்கெண்ணெய் மரத்தில் என்றைக்குமே காயாது என்பது நாற்பது நாள் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அவனுடைய வேட்டிகள் எல்லாவற்றிலும் பின்பக்கம் ஒரு முழுநிலவு உதித்துவிட்டது. இதையெல்லாம் வெளியில் சொல்வானா? என் கைவேலையில் எந்தக் கறையும் நிற்காது என்று சபையில் அடித்துவிட்டான். அதை ஒரு தடவை சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவன் வாய் எதையும் ஒரு தடவையோடு நிறுத்துகிற வாய் இல்லை.

இது இப்படி இருக்க, கடல் கடந்து வந்த தூதுவர் ஒருவர் தம் நாட்டில் பெரியவர்கள் உயரமான மேசையைச் சுற்றி அமர்ந்து ஆலோசிப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சுற்றி அமர்வது குமுதவர்மருக்குப் பிடிக்கவில்லை. மேசை பிடித்துவிட்டது. விசுவலிங்க ஆசாரி எட்டு மாதம் உழைத்து, ஒரே தேக்கில் அறுத்த பலகைகளால் மேசை செய்தார். பன்னிரண்டு பேர் தாராளமாகச் சுற்றி நிற்கலாம், அத்தனை பெரிது. அரசருக்கு மேசையில் தம் மீசை தெரிய வேண்டும் என்று ஆசை. அதனால் ஆசாரி அரக்கைக் காய்ச்சிப் பளபளவென்று பூசிக் கொடுத்தார். பார்க்கத்தான் அழகு, சூடாக எதையும் வைத்துவிடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டும் போனார்.

மறுநாள் காலையில் அரசர் பால் வட்டிலை ஆவி பறக்க அதன் மேல் வைத்தார். எடுத்தபோது வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. அன்று முழுவதும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு இரண்டு வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்னார். இரண்டையும் மறுவாரம் மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார். எந்தப் பூச்சாக இருந்தாலும் புழங்கினால் தடம் விழத்தான் செய்யும் என்று ஆசாரி உள்ளதைச் சொன்னார். கூப்பிடும்வரை அரண்மனைப் பக்கம் வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

அரசருக்கு இத்தனை ஆத்திரம் வந்ததற்குக் காரணம் அவருடைய மைத்துனர் மகாகேசரி. பக்கத்து நாட்டு அரசர். அவர் இந்த அரண்மனைக்கு வந்தால் முதலில் கூரையைப் பார்ப்பார், பிறகு தரையைப் பார்ப்பார், இரண்டிலும் ஏதாவது குறை அவருக்குக் கிடைத்துவிடும். மேசையின் கீர்த்தி அவர் காதுக்குப் போய், பார்க்க வருகிறேன் என்று ஓலையும் அனுப்பிவிட்டார். குமுதவர்மர் சபையைக் கூட்டினார்.

"மைத்துனர் முன்னால் கொதிக்கும் பாலை இந்த மேசையில் நம் கையாலேயே வைப்போம். எடுத்த பிறகு, எந்த இடத்தில் வைத்தோம் என்று ஒருவராலும் காட்ட முடியக் கூடாது. அப்படிப்பட்ட பூச்சு ஒன்று நமக்கு வேண்டும்."

உடனே ஆளுக்கு ஒரு பூச்சு கிளம்பியது. மேசைக்கு அறுத்தது போக மிஞ்சிய துண்டுப் பலகைகளில் சோதனை நடந்தது. தளவாய் தேன்மெழுகு என்றார். பால் வட்டிலின் சூட்டில் மெழுகு உருகி, வட்டில் தானாகவே நகர்ந்து அரசர் மடியில் வந்து அமர்ந்தது. வைத்தியர் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார். கண்ணாடி போல இருந்த அந்தப் பூச்சு, வட்டிலைக் கொஞ்சம் அழுத்தி வைத்ததும் கண்ணாடி போலவே விரிசல் விட்டுப் போயிற்று. பிரதானி ஆனந்தக்கூத்தர் தூரதேசத்து அரக்கு வரவழைத்துப் பதினாறு பூச்சுப் பூசினார். ஒரு பூச்சில் ஒரு வட்டம் விழுந்த இடத்தில் பதினாறு பூச்சில் அதைவிட நல்ல வட்டமாக விழுந்தது.

ஒவ்வொன்று தோற்கும்போதும் தோணியப்பன் முக்காலியில் உட்கார்ந்தபடி ஏதாவது ஒன்று சொன்னான். அரசர் சிரித்தார். பிரதானியாருக்கு இரண்டு குதிகாலிலும் வெடிப்பு. வெடித்த காலோடு நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவன் செய்யும் கேலியைக் கேட்பது எவருக்கும் கஷ்டம்தான். அவர் இரண்டு அடி முன்னால் வந்து கைகூப்பினார்.

"அரசே, நாம் வீணாக அலைகிறோம். கைவேலையில் கறையே நிற்காத ஒருவர் நம் நடுவில் அமர்ந்திருக்கிறார். அவர் வாயாலேயே அதைப் பல முறை கேட்டிருக்கிறோம். அவர் உட்கார்ந்து சொன்னார், நாங்கள் நின்றுகொண்டு கேட்டோம்."

அரசர் தோணியப்பன் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் அவன் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அரசே, அது சும்மா அளந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். "இவ்வளவுதானா, அரசே" என்று அது சொல்லிவிட்டது.

பத்து நாள் அவகாசம் கிடைத்தது. வென்றால் அரசர் தகுந்த மரியாதை செய்வார். தோற்றால் முக்காலி அரண்மனை அடுப்புக்குப் போகும், மறுநாளிலிருந்து தோணியப்பன் பிரதானியாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பிரதானியார் அத்தோடு விடவில்லை. மேசை அரண்மனைச் சொத்து, ஒருவர் வீட்டில் தனியாக விட்டுவைக்கலாகாது, அதிகாரிகள் முறைவைத்துத் தினமும் போய்ப் பார்வையிட வேண்டும் என்றார். அரசர் அதற்கும் தலையசைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மேசை தோணியப்பன் வீட்டுக்கு வந்தது. வாசற்கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. கூடம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. அவன் மனைவி திருநிலை சமையலறையிலிருந்து வாசலுக்கு வர மேசைக்கு அடியில் குனிந்து வர வேண்டியிருந்தது. அப்படிக் குனிந்து வந்து நிமிர்ந்தவள் கேட்டாள்.

"பத்து நாள்ல முடிச்சுத் தரேன்னு சொல்லிட்டு வந்தீங்களாமே. எதை வச்சு முடிப்பீங்க, வாயை வச்சா?"

தோணியப்பன் தரையில் உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டான்.

"என்னால அங்க நிக்க முடியாது, திருநிலை. நின்னா ஒரு நாள் இல்ல ஒரு நாள் விழுவேன். விழுந்தா சிரிப்பாங்க. நான் சொல்லி அவங்க சிரிக்கணும். என்னைப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சுட்டா அப்புறம் நான் அங்க எதுக்கு?"

திருநிலை அதற்கு மேல் கேலி செய்யவில்லை. ஆசாரி வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, போய்க் காலைப் பிடியுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

விசுவலிங்க ஆசாரி அவனைப் பார்த்ததும், விளக்கெண்ணெய் தேய்த்த ஆள் நீங்கள்தானா என்று விசாரித்தார். ஊரெல்லாம் அது தெரிந்திருந்தது. நன்றாகச் சிரித்து முடித்துவிட்டுத் தம் மேசையைப் பார்க்கும் ஆசையில் உளிப்பையோடு வந்தார். இரண்டு பேருமாக அரக்கைச் சுரண்டி எடுத்தார்கள். பளபளப்புப் போய் வெறும் தேக்கு தெரிந்தது. ஆசாரி காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ஒரு குடுவை கொண்டுவந்திருந்தார்.

"துணியில கொஞ்சமாத் தொட்டுக்கணும். உள்ளங்கை சுடற வரைக்கும் தேய்க்கணும். மிச்சத்தைச் சுத்தமாத் தொடச்சுடணும். அது காஞ்ச பெறகு மறுநாள் இன்னொரு தடவை. ஒரேயடியா ஊத்தினீங்கன்னா பிசுபிசுன்னு நிக்கும், உங்க முக்காலி மாதிரி."

இதில் தடம் விழாதா என்று தோணியப்பன் கேட்டான்.

"விழும். விழுந்த எடத்துலயே இன்னும் கொஞ்சம் எண்ணெயைத் தொட்டுத் தேய்ச்சுக்கலாம். அரக்குல ஒரு எடம் கெட்டா மொத்தத்தையும் சுரண்டணும். இது அப்படி இல்ல. நாள்பட ஒழைக்கிற பூச்சுன்னா எனக்குத் தெரிஞ்சு இதுதான்."

அரசருக்குத் தடம் விழவே கூடாதாம் என்றான் தோணியப்பன். அப்படியானால் மேசையைப் பரணில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஆசாரி உளிப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வேறு வழி தெரியாததால் சனிக்கிழமையிலிருந்து தேய்க்கத் தொடங்கினான். தினமும் விடிந்ததும் அவனும் திருநிலையும் எதிரெதிராக உட்கார்ந்து தேய்ப்பார்கள். திங்கட்கிழமைக்குள் மேசை தேன் நிறத்துக்கு வந்து, ரேகைகள் மேலே எழும்பி, தொட்டுப் பார்க்கத் தோன்றும்படி ஆகிவிட்டது. தோணியப்பன் எட்ட நின்று பார்த்தான், கிட்டே போய்ப் பார்த்தான். இதற்கு முன் அவன் கைபட்டு எந்தப் பொருளும் அழகானதில்லை. அதனால் அதை எப்படி நடத்துவது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

பார்வையிடும் முறை செவ்வாய்க்கிழமைதான் தொடங்கியது, பிரதானியார் முதலில் வந்தார். மேசையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி, கையோடு ஒரு செம்பில் கொதிக்கக் கொதிக்கச் சுக்குநீர் கொண்டுவந்திருந்தார். ஒரு வாய்தான் குடித்தார். மீதியை மேசையின் நட்டநடுவில் வைத்துவிட்டு அரை நாழிகை ஊர்க்கதை பேசினார். அவர் போன பிறகு செம்பு இருந்த இடத்தில் வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது.

தோணியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. எண்ணெய் தொட்டு அந்த இடத்தையே தேய்த்தான். மங்கியது, மறையவில்லை.

புதன்கிழமை வைத்தியர் வந்து, கஷாயம் காய்ச்சிய இரும்புச் சட்டியை ஈரத்தோடு வைத்தார். தேக்கில் ஈர இரும்பு பட்டால் கறுக்கும். கறுத்தது. வியாழக்கிழமை தளவாய் மழையில் நனைந்த வாளைக் கழற்றி நீளவாக்கில் வைத்தார். மற்ற அதிகாரிகளுக்கும் விஷயம் எட்டிவிட்டது. முறை இல்லாதவர்களும் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். அதிகாரி வந்தால் அவருக்குப் பின்னால் நாலு பணியாட்கள் வருவார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் திருநிலைக்கு இல்லை. எல்லோருக்கும் சூடாகப் பாலோ சுக்குநீரோ கொடுத்தாள். எல்லோரும் குடித்துவிட்டு மேசையில் வைத்தார்கள். ஒருவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவைத்துச் சுண்ணாம்பைச் சிந்தினார், இன்னொருவர் மஞ்சள் நீரைக் கொட்டிவிட்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

தோணியப்பனின் மூளை அப்போது வேலை செய்த அழகைச் சொல்ல வேண்டும். விழுந்த வட்டங்களுக்கு நடுவே அளவெடுத்துச் சில வட்டங்களைத் தானே வைத்தால் கோலம் போல் இருக்கும், வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று யோசித்தான். கயிறு பிடித்து, அடையாளம் வைத்து, சூடான செம்புகளை ஒரு பகல் முழுக்க வரிசையாக அடுக்கினான். மறுநாள் வந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட அவனுடைய கோலத்தை மதிக்கவில்லை. அவரவருக்குத் தோன்றிய இடத்தில் வைத்தார்கள். அதோடு அவன் தோல்வியை ஒப்புக்கொண்டான். ஆனாலும் தேய்ப்பதை மட்டும் விடவில்லை. நல்ல யோசனை என்று அல்ல, கை பழகிவிட்டது.

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தேய்த்துக்கொண்டே தோணியப்பன் பிரதானியாரைத் திட்டினான். அவர் முதல் வட்டத்தை வைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதியே வந்திருக்காது என்றான்.

திருநிலை துணியை உதறிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்த வட்டம் எங்க இருக்கு?"

அவன் காட்டக் கையை நீட்டினான். கை மேசையின் நடுவில் சுற்றியது, வலப்பக்கம் போனது, திரும்பி வந்தது. வட்டத்தின் மேல் வட்டம், கறுப்பின் மேல் வெளிறல், எல்லாவற்றுக்கும் மேல் எண்ணெய். அவன் நாலு நாள் கண்ணீர்விட்ட வட்டம் எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு செம்பில் வெந்நீரை ஊற்றி வைத்து எடுத்துப் பார்த்தான். உள்ளங்கையால் ஒரு தடவை தடவினான். அந்த இடத்தையும் காணோம்.

புத்தியை விற்றுப் பிழைப்பவன் அவன். பத்து நாளாக அந்தப் புத்தி கண்டுபிடித்தது ஒரு கோலம் மட்டும்தான். மனைவி துணி உதறிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் சபைக்குப் போவதற்குள் தீர்ந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை மேசை சபைக்கு வந்தது, மேலே பட்டு மூடி. மைத்துனர் மகாகேசரி கூரையையும் தரையையும் பார்த்து முடித்துவிட்டுத் தயாராக இருந்தார். பன்னிரண்டு அதிகாரிகளும் அன்று கால்வலி தெரியாமல் நின்றார்கள். பட்டு மூடியை எடுத்தார்கள்.

மழை தொடங்கும்போது குளத்தில் வட்டம் வட்டமாக விரியுமே, மேசை முழுவதும் அப்படி இருந்தது. பழுப்பும் கறுப்பும் தேன் நிறமுமாக ஆழத்தில் மினுங்கியது. அரசரின் மீசை துடித்தது.

"தோணியப்பரே, வட்டமே கூடாது என்றோம். நீர் ஊரில் உள்ள வட்டங்களை எல்லாம் கொண்டுவந்திருக்கிறீர்."

"அரசே, வட்டமே கூடாது என்பது தங்கள் ஆணை அல்ல. பால் வட்டிலை எடுத்த பிறகு, வைத்த இடத்தை ஒருவராலும் காட்ட முடியக் கூடாது என்பதுதான் ஆணை. வைத்துப் பார்த்தருள வேண்டும்."

குரல் உறுதியாகத்தான் வந்தது. முக்காலியில் உட்கார்ந்திருந்தவனின் வலது முழங்கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

மைத்துனருக்கு இந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது. எல்லோரும் திரும்பி நிற்க வேண்டும் என்றார், தாமும் திரும்பிக்கொண்டார். அரசர் கொதிக்கும் பாலை வைத்தார், எடுத்தார், தோணியப்பன் கொடுத்த துணியால் ஒரு தடவை துடைத்தார். மைத்துனர் குனிந்து மூக்கு மேசையில் படும்படி தேடினார். மூன்று இடத்தைக் காட்டினார். மூன்றும் இல்லை என்று அரசர் சந்தோஷமாகச் சொன்னார். அப்படியானால் எந்த இடம் என்று மைத்துனர் கேட்டார். அரசர் சுட்டிக்காட்டப் போய், விரலை மடக்கி, மீண்டும் நீட்டி, கடைசியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கும் தெரியவில்லை.

பிரதானியாரால் பொறுக்க முடியவில்லை. அடியேன் கண்டுபிடிக்கிறேன் என்று முன்னால் வந்தார். பழையவற்றை எல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது புதியது என்பது அவர் கணக்கு. மேசையின் ஓரத்திலிருந்து விரலை வைத்துக்கொண்டு வந்தார்.

"கறுப்பாக இருக்கும் இது வைத்தியருடைய கஷாயச் சட்டி. இது அல்ல."

"மன்னிக்க வேண்டும், என் சட்டி கிழக்கு ஓரத்தில் வைத்தது" என்றார் வைத்தியர். தம் சட்டியின் பெருமையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"சரி, கிழக்கு ஓரம். இந்த நீளக் கோடு தளவாயின் வாள். இதுவும் அல்ல. நடுவில் இருக்கும் இந்த வட்டமும் அல்ல. இது செவ்வாய்க்கிழமை நான் வைத்த..."

பிரதானியாரின் விரல் அங்கேயே நின்றது. மைத்துனர் மெதுவாக நிமிர்ந்து, முதலில் பிரதானியாரையும் பிறகு வைத்தியரையும் பார்த்தார். தளவாய் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை அங்கே எதற்காக வைத்தீர்?" என்று அரசர் கேட்டார்.

பூச்சின் உறுதியைச் சோதித்துப் பார்ப்பதற்காக என்று பிரதானியார் தரையைப் பார்த்துச் சொன்னார். எல்லோருமே சோதித்தீர்களா என்று அரசர் கேட்டார். பன்னிரண்டு தலைகளும் ஆடின. அரசர் தோணியப்பன் பக்கம் திரும்பி, அந்தப் பூச்சில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று விசாரித்தார்.

ஆயிரம் மூலிகை, அபூர்வ முறை என்று அளப்பதற்கு அவன் வாய் தயாராகத்தான் இருந்தது. முழங்கால் ஆடிக்கொண்டே இருந்ததோ என்னவோ, அன்றைக்கு உண்மை வந்துவிட்டது.

"ஆசாரி கொடுத்த ஆளிவிதை எண்ணெய், அரசே. தேய்த்தது நானும் என் மனைவியும். மற்றது எல்லாம் இந்தப் பெரியவர்கள் தங்கள் கையால் போட்டது. தடம் விழாத பூச்சுக்குத்தான் பாடுபட்டேன், முடியவில்லை. விழ விழத் தேய்த்தேன். இனி விழுவதற்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் செய்ததில் உருப்படியான காரியம், தினமும் இவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதுதான். அதுவும் கதவைக் கழற்றி வைத்திருந்ததால் தானாக நடந்தது."

அரசரின் மீசை மறுபடி துடித்தது. இந்தத் தடவை அது கோபத்தில் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிம்மாசனத்திலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்த இடைவெளியில் மைத்துனர், இதே போல ஒரு மேசை தமக்கும் வேண்டும், இந்தப் பூச்சுக்கு என்ன தேவை என்று கேட்டார்.

"பொறாமை பிடித்த பன்னிரண்டு அதிகாரிகள் வேண்டும். தங்களிடம் இருக்கிறார்களா?" என்று கேட்டான் தோணியப்பன்.

"அதற்கு மட்டும் எங்களிடம் குறைவில்லை" என்றார் மகாகேசரி. பத்து வருஷத்தில் முதல் தடவையாகக் குறை சொல்லாமல் அவர் பேசிய வாக்கியம் அதுதான்.

பிறகு பரிசளிப்பு நடந்தது. விசுவலிங்க ஆசாரியைப் பல்லக்கு அனுப்பி அழைத்துவந்து சால்வை போர்த்தினார்கள். திருநிலைக்குப் பட்டுச்சேலை போயிற்று. தோணியப்பனுக்கு முக்காலி நிலைத்தது, அதோடு தங்கக் கங்கணமும் அரண்மனைப் பூச்சு மேலதிகாரி என்ற பட்டமும் கிடைத்தன. அந்த முக்காலியை அவன் உயிருள்ளவரை எவரும் தொடக் கூடாது என்று அரசர் ஆணையிட்டார். தோணியப்பன் ஒன்றுமே சொல்லாமல் வணங்கினான். அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அந்தச் சபை அன்றுதான் பார்த்தது.

அடுத்தது தண்டனை. மேசை கெடாமல் இருக்க அதை அடிக்கடி எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும் என்று ஆசாரி சொன்னார். தடம் போட்டவர்களே தேய்க்கட்டும், தினமும் சபை நேரம் முழுவதும் தேய்க்கட்டும் என்று அரசர் தீர்ப்பளித்தார். பன்னிரண்டு அதிகாரிகளும் துணியை வாங்கிக்கொண்டு மேசையைச் சுற்றிக் குனிந்தார்கள். சிம்மாசனத்திலிருந்து பார்த்தால் அவர்களில் பாதிப் பேருடைய எந்தப் பகுதி தெரிகிறது என்பதை அரசர் அப்போதுதான் கவனித்தார். மைத்துனரும் கவனித்தார். தினமும் காலையில் பார்ப்பதற்கு உகந்த காட்சி அல்ல அது.

"இவர்களுக்கு உடனே ஆசனம் போடுங்கள். உட்கார்ந்தபடியே தேய்க்கட்டும்" என்றார் அரசர்.

பன்னிரண்டு ஆசனங்கள் வந்தன. பிரதானி ஆனந்தக்கூத்தர் மெல்லத் தம் ஆசனத்தில் அமர்ந்தார். முப்பது வருஷத்தில் சபையில் அவர் கால் ஓய்ந்தது அன்றுதான். வெடித்த குதிகால்களை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த வைத்தியரைப் பார்த்து, இது தண்டனைதானா என்று கண்ணாலேயே கேட்டார். வைத்தியர் கண்ணை மூடியிருந்தார், அவ்வளவு சுகம்.

தோணியப்பனும் தன் முக்காலியைச் சந்தோஷமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரப் போனான். அரசர் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார்.

"பூச்சு மேலதிகாரி உட்கார்ந்துவிட்டால் வேலையை யார் பார்ப்பது? சுற்றி நடந்து, ஒவ்வொருவரும் சரியாகத் தேய்க்கிறார்களா என்று பாரும். உச்சிவேளை மணி அடித்ததும் அமரலாம்."

அன்றிலிருந்து அந்தச் சபையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒருவன் மட்டும் தங்கக் கங்கணத்தோடு மேசையைச் சுற்றிச் சுற்றி நொண்டிக்கொண்டு வந்தான். அவன் பிரதானியாரைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அவர் தேய்ப்பதை நிறுத்தி அன்போடு விசாரிப்பார், முழங்கால் எப்படி இருக்கிறது என்று.